நியான் நரிக்குக் காது மந்தம்

இனி வீட்டில் யார் கூப்பிட்டாலும் தன் காதில் விழக் கூடாது என்று நரியார் தீர்மானம் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஐந்தாவது ஸ்வரத்துக்கும் ஆறாவது ஸ்வரத்துக்கும் நடுவில்.

நரியார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. பகலில் அவர் ஒரு மெத்தைக் கடையின் மேலாளர். படுத்துப் பார்த்து வாங்குகிறோம் என்று சொல்லிக் குறட்டை விடும் வாடிக்கையாளர்களை மனம் நோகாமல் எழுப்பி அனுப்புவது அவருடைய உத்தியோகம். மாலை வந்துவிட்டால் ஆளே வேறு. எண்பதுகளின் பாணியில் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் இசை செய்கிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் அவர் மூத்த உறுப்பினர். அங்கே சொந்தப் பெயரில் உலவுவது மரியாதைக் குறைவு. ஒருத்தர் குரோம் கழுகு, இன்னொருத்தர் லேசர் இளவரசன். இவர் நியான் நரி. பெயருக்குப் பக்கத்தில், தோளில் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒரு நரி ஊதா நிறச் சூரியனுக்கு முன்னால் நிற்கும். அந்தப் படத்தை அவர் மனைவி ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அன்று முதல் வீட்டிலும் அதே பெயர் நிலைத்துவிட்டது. புருஷனாயிற்றே என்று பின்னால் ஒரு 'யார்' மட்டும் சேர்த்துக்கொண்டார்.

நரியாரின் துறை பேஸ். பாட்டின் அடியில் கிடந்து உறுமுகிற கனத்த ஸ்வர வரிசைக்கு அந்தத் துறையில் அதுதான் பெயர். எண்பதுகளின் பேஸ் இருக்கிறதே, அது லேசுப்பட்டதல்ல. ஒரே ஸ்வரம் கீழே ஒரு தரம், அதுவே மேல்ஸ்தாயியில் ஒரு தரம், மறுபடி கீழே. தும்-தக தும்-தக என்று நெடுஞ்சாலையில் வண்டி ஓடுவதுபோல் நிற்காமல் ஓட வேண்டும். டிரம் விழுகிற ஒவ்வொரு இடத்திலும் பேஸ் ஒரு கணம் தலையைக் குனிந்து வழிவிட்டு, அது போனபின் மறுபடி நிமிர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் முட்டிக்கொண்டு சத்தம் கலங்கிப் போகும். இந்தச் சூட்சுமத்தைக் கருவியில் கொண்டுவர நரியார் பல வருஷம் பாடுபட்டார். வீட்டில் அது அவருக்குத் தானாகவே வந்திருந்தது.

கஷ்டம் என்னவென்றால், எட்டு ஸ்வரம் கொண்ட ஒரு வரிசையை அவர் ஒருநாளும் எட்டு வரை கொண்டுபோனதில்லை. சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலைதான் அவருடைய கலைக்கூடம். அங்கே சிந்தசைசரை வைத்து, ஹெட்போனை மாட்டி, குமிழைத் திருகி, இதோ வருகிறது என்று கண்ணை மூடும்போது தோளில் ஒரு விரல் விழும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் விழுந்தது.

"என்னங்க."

நரியார் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினார். முழு மனசோடு கேட்கவில்லை என்பதற்கு அது அடையாளம்.

"பாத்ரூம் குழாய் சொட்டுது. பார்க்கிறேன்னு சொன்னீங்க."

"பார்க்கிறேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

"போன மாசம் பார்த்தேனே."

"பார்த்தீங்க. சொட்டறதை நின்னு பார்த்துட்டு வந்துட்டீங்க."

"இப்போ பேஸ் பண்ணிட்டிருக்கேன்மா."

"நானும் பேசிட்டுதான் இருக்கேன்."

"பேசறது இல்ல. பேஸ்."

"சரி, பேஸ். அதுக்கு மேல பாட்டு எங்க?"

"பாட்டு அப்புறம் வரும். அஸ்திவாரம் முக்கியம்."

"இத்தனை வருஷமா ஊரெல்லாம் பேஸ்மட்டம் போட்டுட்டே போறீங்க. ஒரு இடத்துலயாவது நாலு சுவர் எழுப்பி நான் பார்க்கலை."

இது நரியாருக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் இன்னும் கொஞ்சம் ஆழமாகவே தைத்தது. அவருடைய கணினியில் அரையும் குறையுமாய் ஏகப்பட்ட பேஸ் வரிசைகள் கிடந்தன. முழுப் பாட்டு ஒன்றுகூட இல்லை. குழுவில் ஆளாளுக்கு ஒரு மாலை ஒதுக்கி, புதுப் பாட்டை நேரலையில் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். நரியாரின் முறை நெருங்கிக்கொண்டிருந்தது. காரணம் தன் சோம்பல் அல்ல, தன் தோளில் விழும் விரல்தான் என்று அவர் அந்த நிமிஷம் முடிவு கட்டினார்.

குழாய்க்குப் போகும் வழியிலேயே அவர் செல்போனில் ஒரு கட்டுரை படித்தார். வயதாக ஆக, மேல்ஸ்தாயிச் சத்தங்கள்தான் முதலில் காதை விட்டுப் போகுமாம். அழைப்பு மணி, பறவைக் குரல், பெண்கள் பேச்சு எல்லாம் தேயுமாம். கனத்த சத்தங்கள் கடைசிவரை துணை இருக்குமாம். நரியாருக்குப் பொறி தட்டியது. பெண்டாட்டி குரல் கேட்காது, பேஸ் கேட்கும். இப்படி ஒரு வியாதி கிடைக்க மனுஷன் கொடுத்து வைத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் என்ன, நடித்தால் போகிறது.

இந்த இடத்தில் அவர் மனைவியான அம்மையார் என்ன வேலை பார்த்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு காது மருத்துவமனையில் செவித்திறன் பரிசோதகர். காது கேட்கவில்லை என்று வருகிறவர்களில் யாருக்கு நிஜமாகவே கேட்கவில்லை, யார் விடுப்புக்காகவும் நஷ்டஈட்டுக்காகவும் கேட்காததுபோல் இருக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்வதில் அவருக்கு மருத்துவமனையில் தனிப் பெயர் உண்டு. சந்தேகமான கேஸ் எதுவானாலும் அவர் மேஜைக்குத்தான் போகும்.

மனைவியின் வேலையைப் பற்றி நரியாருக்கு இருந்த அறிவு வேறு. காலையில் போவாள், மாலையில் வருவாள், காது சம்பந்தமாக ஏதோ பொத்தான் அமுக்குகிற வேலை. அவ்வளவுதான். அதனால் பயமில்லாமல் இறங்கினார்.

"உன் குரல் கொஞ்ச நாளா எனக்குத் தெளிவாவே விழலைம்மா" என்று மறுநாள் காலை காபியை வாங்கிக்கொண்டே சொன்னார். "டிரம், லாரி, மிக்ஸி எல்லாம் கேக்குது. உன் குரல் மட்டும் ஏதோ தண்ணிக்கு அடியிலேர்ந்து வர மாதிரி இருக்கு."

அம்மையார் அவரை நிதானமாகப் பார்த்தார். "எப்போலேர்ந்து?"

"ஆங்?"

"எப்போலேர்ந்துன்னு கேட்டேன்."

"கேக்கலை, கேக்கலை. அதைத்தான் சொல்றேன்."

அம்மையார் முகத்தில் கவலை இருந்ததாகத்தான் நரியாருக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு சில நாள் அவர் வாழ்ந்த வாழ்க்கையை மெத்தைக் கடையில் விற்க முடிந்தால் கோடீஸ்வரர் ஆகியிருப்பார். குப்பைக் கூடை நிரம்பிவிட்டது என்று குரல் வந்தது. கேட்கவில்லை. மொட்டைமாடியில் துணி நனைகிறது என்று வந்தது. கேட்கவில்லை. பேஸ் ஏழாவது ஸ்வரம்வரை போனது.

ஒரு மாலை மட்டும் சின்ன விபத்து. அம்மையார் பின்னால் வந்து நின்று, காற்றுக்கும் கேட்காத குரலில், "பிரிட்ஜ்ல கடைசித் துண்டு கேக் இருக்கு. நானே சாப்பிட்டுடட்டுமா" என்றார். நரியாரின் கழுத்து ஒரு விரற்கடை திரும்பிவிட்டது. திரும்பிய கழுத்தை என்ன செய்வது? அப்படியே அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிச் சுளுக்கு எடுத்தார். இரண்டு தரம் 'அப்பாடா' என்றும் சொன்னார். எழுந்து போய்ப் பார்த்தபோது கேக் போயிருந்தது. ஆனால் ரகசியம் காப்பாற்றப்பட்டது என்று அவர் தேறினார்.

"நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று அம்மையார் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார். "டெஸ்ட் பண்ணிடலாம்."

பரிசோதனை அறை என்பது ஒரு பெட்டி. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். கதவைச் சாத்தியதும் உலகம் அறுந்துபோனதுபோல் ஒரு நிசப்தம். சுவர் முழுக்கப் பள்ளமும் மேடுமாய் நுரைப்பலகை. நரியாருக்கு உள்ளே வந்த காரியமே மறந்துவிட்டது. இந்த மாதிரி ஓர் அறை தனக்கு இருந்தால் எப்பேர்ப்பட்ட பேஸ் செய்யலாம் என்று சுவரைத் தடவிப் பார்த்தார். நம் கடையில் மிஞ்சுகிற நுரையே இதைவிடத் தரம் என்று தொழில்முறையிலும் ஓர் அபிப்பிராயம் கொண்டார்.

"சத்தம் கேட்டா பொத்தானை அமுக்குங்க" என்றது ஹெட்போன்.

கனத்த சத்தம் வந்தபோதெல்லாம் அமுக்கினார். கீச்சென்று வந்தபோதெல்லாம் சிலைபோல் உட்கார்ந்திருந்தார். நடுத்தரமாக வந்ததற்கு ஒன்றை விட்டு ஒன்று அமுக்கினார். இயற்கையாக இருக்கட்டுமே என்று. எல்லாம் முடிந்ததும் அம்மையார் இன்னொரு தரம் முதலிலிருந்து ஆரம்பித்தார். நிஜமாகவே கேட்காதவனுக்கு எத்தனை தரம் பார்த்தாலும் ஒரே இடத்தில்தான் கேட்காது. நடிக்கிறவனுக்குப் போன தரம் எந்த இடத்தில் கேட்கவில்லை என்பது ஞாபகம் இருக்காது. இது நரியாருக்குத் தெரியாது. இரண்டாம் தரம் அவர் இன்னும் உற்சாகமாக நடித்தார்.

கடைசியாக ஹெட்போனில் மிக மெல்லிய, கொசு முணுமுணுப்பதுபோன்ற ஒரு குரல்: "முடிஞ்சுது. வெளிய வாங்க."

நரியார் எழுந்து வெளியே வந்தார்.

அம்மையார் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "கொஞ்சம் மோசம்தான்" என்று உரக்கச் சொன்னார். "நல்லவேளை, சரியான நேரத்துக்கு வந்தீங்க." அலமாரியைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உள்ளே, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு ஜோடி காது மெஷின். கூடவே சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சின்ன மைக்.

"இது எதுக்கு?" என்றார் நரியார்.

"மெஷின் உங்களுக்கு. மைக் எனக்கு."

நரியாருக்கு அப்போதும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, அவர் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட பிறகுதான் புரிந்தது. மண்டைக்குள்ளே, இரண்டு காதுக்கும் நட்டநடுவில், ஒரு குரல் சொன்னது:

"குழாய்."

அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை.

"அந்தப் பக்கம் இல்ல. உங்க வலது கைப்பக்கம். இன்னும் சொட்டுது."

மைக்கில் பேசினால் நேராக மெஷினில் வந்து விழும். சுவர், கதவு, தூரம் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட காலம் அம்மையாருக்கு முடிந்துபோயிற்று. சமையலறையில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல், உதட்டைக்கூட அதிகம் அசைக்காமல் பேசினார். மொட்டைமாடியில் இருந்த நரியாருக்கு, தலைக்குள்ளே அவர் வாடகைக்குக் குடிவந்துவிட்டதுபோல் கேட்டது.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மெஷினின் ரப்பர் முனை காதை அடைத்துக்கொண்டதால் வெளியிலிருந்து வருகிற கனத்த சத்தமெல்லாம் வடிகட்டிப் போனது. அவர் உயிராக வளர்த்த பேஸ், டப்பாவுக்குள் அகப்பட்ட வண்டுபோல் முனகியது. தான் மெல்லுகிற ரொட்டி மட்டும் கல் உடைப்பதுபோல் கேட்டது.

"இதைக் கொஞ்ச நேரம் கழட்டி வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"வேண்டாங்க. முழிச்சிருக்கிற நேரமெல்லாம் போட்டாத்தான் மூளைக்குப் பழகும். எவ்வளவு நேரம் போட்டிருக்கீங்கன்னு என் செல்போன்ல வந்துடும்."

"ஹெட்போன் மாட்டணுமே."

"காது கேக்காதவருக்கு ஹெட்போன் எதுக்கு?"

எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விடுதலை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் என்னென்ன வார்த்தைகள் வரும் என்று நினைத்தபோது, மெஷினே தேவலை என்று இருந்தது. குழாய் சரியாயிற்று. குப்பைக் கூடை காலியாயிற்று. நெடுநாளாகக் கதவு தொங்கிய துணி அலமாரிக்குக் கீல் மாட்டப்பட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து மனைவி சொன்னது ஒன்றைக்கூட நரியார் இப்படி எழுத்துப் பிசகாமல் கேட்டதில்லை.

இப்படியே இவர் நொந்து நூலாகிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அதிர்ஷ்டம் வந்தது.

அம்மையார் துணி எடுக்கப் பால்கனிக்குப் போயிருந்தார். நரியார் மேஜையில் உட்கார்ந்து வண்டு முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று மெஷினில் குரல்.

"சொல்லுடி. நான்தான். ஆமா, வெளிய வந்துட்டேன். அவருக்குக் கேக்காது."

தங்கையோடு பேசுகிறாள் என்று நரியாருக்குத் தெரிந்துபோயிற்று. மைக்கை அணைக்க மறந்துவிட்டாள் என்றும் தெரிந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லடி, அவர் காதுக்கு ஒண்ணும் இல்ல. தங்கம் மாதிரி கேக்குது. நடிக்கிறார். எனக்கு அன்னைக்கே தெரியும். பாவம், ஒரு இடம் இல்லாமத்தானே இப்படியெல்லாம் பண்றார்ன்னு நானும் விட்டுட்டேன்... ஆமா, அந்தச் சின்ன ரூம் சும்மாதான் கிடக்கு. அடைசல். அதைச் சுத்தம் பண்ணி, சத்தம் உள்ள வராம வெளிய போகாமப் பலகை அடிச்சுட்டா எவ்வளவு நல்லா இருக்கும். அவரா வாயைத் திறக்க மாட்டேங்கறார். நானா எப்படிச் சொல்றது? அவரே எடுத்துச் செஞ்சா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

நரியாருக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல மனசு. அடுத்த கணம் அந்தக் கண்ணீருக்கு அடியிலிருந்து நரி தலையை நீட்டியது. அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. கணக்கு எப்படிப் பார்த்தாலும் ஒரு படி மேலே நிற்பது நான்தான். மைக் அணைக்க மறந்த விஷயத்தைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

மறுநாளே சின்ன அறையில் இறங்கினார். பெடல் உடைந்த உடற்பயிற்சி சைக்கிள், எதற்கென்று மறந்துபோன அட்டைப்பெட்டிகள், இஸ்திரி மேஜை எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினார். கடையில் வெட்டி மிஞ்சிய நுரையை முதலாளியிடம் கேட்டு வாங்கி ஆட்டோவில் அடைத்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது திடீர்னு?" என்றார் அம்மையார்.

"சும்மாதான். கிடக்குதேன்னு."

"உடம்பைக் கெடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் பால்கனிக்குப் போனார். மெஷினில் குரல் வந்தது. "ஆரம்பிச்சுட்டார்டி. எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். ஆனா வெறும் நுரையை ஒட்டினாப் போதாது. பின்னால மரச்சட்டம் அடிச்சு, நடுவுல கொஞ்சம் இடைவெளி விடணும். இது அவருக்குத் தெரியுமோ என்னமோ."

அவருக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. மரச்சட்டம் வந்தது.

அடுத்த மாலை: "கதவு ஓரத்துல ரப்பர் பட்டை வைக்கலைன்னா அத்தனையும் வீண். சத்தம் இடுக்குல நுழையும்." ரப்பர் பட்டை வந்தது. அதற்கடுத்த மாலை: "மேல்கூரையை எல்லாரும் விட்டுடுவாங்க. அவராவது விடாம இருக்கணும்." நரியார் ஏணியில் ஏறி, கழுத்து ஒடிய, கூரையையும் மூடினார். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. கதவில் எட்டிப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி. தரைக்குக் கம்பளம். சுவருக்கு வெளிர் பச்சை வர்ணம், அதுதான் கண்ணுக்கு இதமாம். பெண்டாட்டிக்கு என் துறையில் இவ்வளவு ஞானமா என்று நரியார் அசந்துபோனார். இத்தனை நாள் பேஸ் பேஸ் என்று கேலி செய்தவள் உள்ளுக்குள் எவ்வளவு கவனித்திருக்கிறாள் பார்.

நேரலையில் வாசிக்கிற மாலை வந்தபோது பாட்டு வரவில்லை. 'ஸ்டூடியோ வேலை நடக்கிறது' என்று நியான் நரி குழுவில் போட்டார். கூடவே அறையின் படங்களையும் போட்டார். இதுவரை அவருடைய பேஸுக்கு ஒரு கட்டைவிரலுக்கு மேல் தூக்காத குரோம் கழுகு, அந்தக் கதவு இடுக்கின் நேர்த்தியைப் பார்த்து மூன்று வரி பாராட்டு எழுதினார். லேசர் இளவரசன் ரப்பர் பட்டை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். நரியார் நெஞ்சு நிமிர்ந்தது. அவர் வாழ்க்கையில் ஆரம்பித்து முழுசாக முடித்த முதல் காரியம் அந்த அறைதான்.

வேலை முடிந்த மாலை அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கை தட்டிப் பார்த்தார். தட்டிய சத்தம் கையை விட்டு நகரவில்லை. மனைவியின் மைக் சத்தம்கூட அங்கே எட்டவில்லை, அல்லது அவர் பேசவில்லை. சொந்த நெஞ்சு துடிப்பது கேட்டது. அதுவும் தும்-தக தும்-தக என்றுதான் இருந்தது. சிந்தசைசரை இந்தச் சுவரோரம், நாற்காலியை அந்தக் கண்ணாடிக்கு எதிரே என்று விரலால் அளந்து பார்த்துக்கொண்டார். இனி மெஷின் வேண்டாம், குணமாகிவிட்டது என்று அம்மையாரிடம் அறிவித்தார்.

"ரொம்ப சந்தோஷம்" என்று அவர் மெஷினையும் மைக்கையும் பெட்டியில் வைத்து மூடினார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் கடையில் நரியாருக்கு இருப்பே கொள்ளவில்லை. தூங்கிப்போன இரண்டு வாடிக்கையாளர்களை எழுப்பாமலே விட்டுவிட்டு, சாயங்காலம் சீக்கிரமாகக் கிளம்பி வீட்டுக்கு ஓடினார்.

கூடத்தில் முன்பின் தெரியாத நாலைந்து பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் காதில் பஞ்சு. சிந்தசைசர் சாப்பாட்டு மேஜையின் பழைய மூலையிலேயே இருந்தது. அதன்மேல் ஒரு துணியை விரித்து, வருகிறவர்கள் குடிக்கத் தண்ணீர்க் கூஜாவும் தம்ளர்களும் வைக்கப்பட்டிருந்தன. சின்ன அறையின் கதவில் ஒரு பலகை: 'செவித்திறன் பரிசோதனை நிலையம். உள்ளே ஆள் இருக்கும்போது தட்ட வேண்டாம்.'

கதவுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, வந்தவர்களை வரிசைப்படி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தவள் மச்சினி.

"வாங்க அத்தான். ரூம் பிரமாதம். ஆஸ்பத்திரியில இருக்கறதைவிட இதுதான் நல்லா இருக்காம். அக்கா சொன்னா."

நரியார் பலகையைக் காட்டினார். "இது என்ன?"

"உங்களுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு வீட்டுலயே சொந்தமா ஆரம்பிக்கிறேன், சின்ன ரூமை எடுத்துக்கட்டுமான்னு அக்கா உங்ககிட்ட ரெண்டு மூணு தடவை கேட்டாளாமே. ஹெட்போனை மாட்டிட்டு நீங்கதான் 'ம், ம்'ன்னு தலையாட்டினீங்களாம்."

"நான் எங்க... சரி, அதை விடு. தினம் சாயங்காலம் உன்கிட்டதானே போன்ல பேசினா? எனக்காகத்தான் ரூம்னு உன்கிட்ட சொல்லலையா?"

மச்சினி அவரை விநோதமாகப் பார்த்தாள். "என்கிட்டயா? நானும் அக்காவும் சண்டை போட்டுப் பேச்சு நின்னு ரொம்ப மாசம் ஆச்சு அத்தான். நேத்துதான் ராசியானோம். என் புது நம்பர்கூட அவகிட்ட இல்லாம இருந்துது. அம்மாகிட்ட கேட்டு வாங்கியிருக்கா."

"அப்போ பால்கனியில நின்னு யார்கிட்ட பேசிட்டிருந்தா?"

"அதையும் நேத்து கேட்டேனே. இந்த ரூமை எப்படிக்கா இவ்வளவு பக்குவமாக் கட்டி வாங்கினேன்னு. தினமும் பால்கனியில நின்னு மைக்ல உங்ககிட்ட ஒண்ணொண்ணாச் சொன்னேன், நீங்களும் அப்படியே செஞ்சீங்கன்னு சொன்னா." அவள் அடுத்த ஆளுக்குக் கை காட்டினாள். "அவ மைக்ல 'எனக்கு'ன்னு சொன்னாளா, 'உங்களுக்கு'ன்னு சொன்னாளா, நீங்கதான் சரியாக் கேட்டிருக்க மாட்டீங்க."

நரியார் யோசித்துப் பார்த்தார். சின்ன ரூம், பலகை, பட்டை, பச்சை வர்ணம் எல்லாம் சொன்னாள். எவ்வளவு நல்லா இருக்கும் என்றாள். எனக்கு ஆட்சேபணை இல்லை என்றாள். சொல்ல முடியாத சந்தோஷம் என்றாள். யாருக்கு என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

ரத்தம் தலைக்கு ஏறியது. காத்திருந்தவர்களையும் பலகையையும் பொருட்படுத்தாமல் கதவின் முன்னால் போய் நின்றார். அதிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக அம்மையார் தெரிந்தார். எதிரே ஒரு பெரியவர் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்க, அம்மையார் அமைதியாகப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். நரியார் கதவை ஓங்கித் தட்டினார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் சேர்த்து, அடிவயிற்றிலிருந்து, இருக்கிற பேஸ் அத்தனையையும் திரட்டிக் கத்தினார்.

கூடத்தில் காதில் பஞ்சு வைத்திருந்தவர்கூடத் திடுக்கிட்டுத் திரும்பினார்.

உள்ளே அம்மையார் நிமிரவே இல்லை. வேலை அவ்வளவு சுத்தம்.